இந்த வாரம் உங்கள் முறை

ஆறு மாதம் மட்டும் இருக்கப்போகிற ஊரில் பிரஷர் குக்கர் வாங்கலாமா? பரிமாற்ற மாணவராக ஐரோப்பாவுக்குப் போகிற நம் பிள்ளைகள் பலரும் முதல் வாரத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். சிலருக்கு அது குக்கராக இருக்காது. சைக்கிளாக இருக்கும், நல்ல குளிர்கால ஷூவாக இருக்கும், மாலை நேர ஜெர்மன் வகுப்புக்குக் கட்ட வேண்டிய பணமாக இருக்கும். கணக்கு என்னவோ ஒன்றுதான். திரும்பிப் போகும் தேதி விசாவிலேயே அச்சாகியிருக்கிறது. அதற்குள் போட்ட காசு தேறுமா?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துத் தமிழ் மாணவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் வழியில் தீர்த்து வைத்திருந்தார்கள். அங்கே குக்கரை யாரும் வாங்குவதில்லை, யாரும் எடுத்துப்போவதும் இல்லை. போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார். 2024 அக்டோபரில் என்னிடம் வந்து சேர்ந்த குக்கரின் கைப்பிடி ஒரு பக்கம் உருகியிருந்தது. கேஸ்கெட் மட்டும் புதிது. முதலில் அதை ஊரிலிருந்து சுமந்து வந்தவர் யார் என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கூடவே பாதி டப்பா சாம்பார் பொடியும், யாரோ ஒருவருடைய அம்மா தைத்துக் கொடுத்த தலையணை உறையும் வந்தன.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எல்லாவற்றையும் அப்படிக் கைமாற்றிக்கொள்ள முடியாது. போகும் நாள் தெரிந்த இடத்தில் ஒருவர் எவ்வளவு ஊன்றி வாழ வேண்டும்? எதிர்வீட்டுக்காரரின் பெயரைத் தெரிந்துகொள்வதா, அந்த நேரத்தில் இன்னொரு ஊரைப் பார்த்துவிடுவதா? பெரியவர்கள் உடனே, உலகத்தில் யார்தான் நிரந்தரம் என்று தொடங்கிவிடுவார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தெம்பில்லை. நான் சொல்ல வந்தது ஒரு குளிர்கால செமஸ்டரைப் பற்றி மட்டும்.

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம். சென்னையில் நீர்வளப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு செமஸ்டரை டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்க வாய்ப்பு வந்தது. நான் தங்கியது மாணவர் விடுதியில் இல்லை. எல்பே ஆற்றின் வடகரையில், நொய்ஸ்டாட் பகுதியில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடம். அதில் மூன்று மாணவர்கள் சேர்ந்து எடுத்த ஃப்ளாட். மூவரில் ஒருத்தி தானும் பரிமாற்ற மாணவியாக ஸ்பெயினின் விகோ நகரத்துக்குப் போயிருந்தாள். 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியதிலிருந்து ஐரோப்பியப் பிள்ளைகள் இப்படி ஊர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் விட்டுப்போன அறையில் இன்னொருவர் சில மாதம் குடியிருப்பது அங்கே சாதாரணம். அவளுடைய கட்டில், அவளுடைய மேஜை விளக்கு, ஜன்னலோரம் அவளுடைய கள்ளிச்செடி. செடிக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் போதும் என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். வாசல் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே என் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டினார்கள். வந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். பதிந்தேன். காகிதத்தில் நான் டிரெஸ்டன்வாசி ஆகிவிட்டேன்.

நவம்பரில் இருட்டு வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சில நிமிடம் முன்னதாகக் கதவைத் தட்டியது. டிசம்பர் நடுவில் மாலை நான்கு மணி அடிக்குமுன்பே சூரியன் போய்விடும். முதல் வகுப்பு காலை ஏழரைக்கு, அப்போதும் இருட்டு. விகோவிலிருந்து அறைக்காரி வீடியோவில் பேசினால் அவள் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம்தான். டிரெஸ்டனுக்குக் கிழக்கே, போலந்து எல்லையில் இருக்கும் கேர்லிட்ஸ் வழியாகப் போகும் 15 பாகைத் தீர்க்கரேகையை வைத்துத்தான் மத்திய ஐரோப்பிய நேரம் கணக்கிடப்படுகிறது. விகோவோ போர்ச்சுகலுக்கு வடக்கே அட்லாண்டிக் கரையில் கிடக்கிறது. கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் குளிர்காலத்தில் அவளுக்கு அந்தி என்னைவிட இரண்டு மணி நேரம் பிந்தி வரும். அம்மாவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம் என்று மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"மணி எட்டரை ஆச்சுடி இங்க. உனக்கு நாலுதானே? வெயில் இருக்கும்போதே வெளிய போய்ட்டு வந்துடு."

"இங்கயும் இருட்டிடுச்சும்மா."

"அப்ப நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணா ராத்திரி."

அவளுக்கு அதில் ஒரு நிம்மதி.

அன்றாடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும், பால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்; தெருவில் குடித்து முடித்தவர்கள் காலிப் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவைப்பார்கள், பொறுக்கி வாழ்கிறவர் கைவிட்டுத் துழாவ வேண்டாம் என்று. எவ்வளவு குளிராக இருந்தாலும் தினம் இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னலையும் ஐந்து நிமிடம் விரியத் திறந்து காற்று மாற்ற வேண்டும்; இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வாடகை முன்பணம் போய்விடும். வைட்டமின் டி மாத்திரை எல்லார் சமையலறையிலும் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த இருட்டுக்கும் வார நாட்களின் ஒரே மாதிரித்தனத்துக்கும் எங்கள் கூட்டம் கண்டுபிடித்த மருந்து பயணம். வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு திரும்பல். அடுத்த வாரம் எந்த ஊருக்கு மலிவாகச் சீட்டு கிடைக்கிறதோ அதுவே நாங்கள் நெடுநாளாகப் பார்க்க ஆசைப்பட்ட ஊர். கிறிஸ்துமஸ் சந்தைகள் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். டிரெஸ்டனிலேயே 1434 முதல் நடக்கிற சந்தை ஒன்று இருக்கிறது. அது போதாதென்று நாங்கள் பிராக் போனோம். எல்பே கரையை ஒட்டி இரண்டரை மணி நேர ரயில்; பாறை உச்சியில் கேனிக்ஷ்டைன் கோட்டை, கீழே ஆற்றில் நுரையாக மிதக்கும் மூடுபனி. எல்லைக்கு அப்பால் டெச்சீனில் ஆற்றுப்படுகையில் பஞ்சக் கல் என்று ஒன்று உண்டு. வறட்சியில் நீர் இறங்கினால்தான் தலைகாட்டும். அதில் 1616 என்ற ஆண்டு வெட்டியிருக்கிறது. நீரியல் படிக்கிறவள் என்பதால் அந்த இடம் வரும்போது ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். குளிர்காலத்தில் கல் நீருக்கடியில் இருக்கும் என்று தெரிந்தும்தான்.

திரும்பி வருகிற ரயிலில் ஜெர்மன் எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனை. 2023 அக்டோபரிலிருந்து செக் எல்லையில் இது மறுபடி தொடங்கியிருந்தது. என் விசாவைப் புரட்டியவர் கடைசித் தேதியைப் பார்த்தார், கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார், நல்ல பயணம் அமையட்டும் என்று வாழ்த்தினார். மரியாதையான மனிதர். அவருக்கு என்னைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது அந்தத் தேதி ஒன்றுதான்.

வியன்னாவில் அரசு ஓபராவுக்குப் போனது மட்டும் இன்னும் மனத்தில் பசுமையாக இருக்கிறது. பெரிய மனிதர்கள் நூறு, இருநூறு யூரோ கொடுத்து உட்காரும் அதே அரங்கில், அந்த ஊரில் ஒரு பிரியாணி விற்கிற விலைக்கு நின்று பார்க்க இடம் உண்டு. நாங்கள் போன அன்று நிற்கும் இடத்துக்கு எண் பார்க்கிறவர்கள் யாரும் இருக்கவில்லை. கைப்பிடிக் கம்பியில் மஃப்ளரைக் கட்டிவிட்டால் அது உங்கள் இடம். இடைவேளையில் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். கம்பி நெடுகச் சிவப்பும் சாம்பலும் கம்பளியுமாகக் கட்டிக் கிடக்கும். ஒருவரும் இன்னொருவருடையதைத் தொடுவதில்லை. பாட்டு எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. என் மஃப்ளர் நகராமல் இருந்த சந்தோஷம் முழுதாகப் புரிந்தது.

ஆனால் ஊர் ஊராகப் போய்வந்ததில் ஒன்று மெல்ல உறைத்தது. நான் போன எந்த ஊருக்கும் என்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. சீட்டு வாங்கினேன், பார்த்தேன், வந்தேன். நான் போகாவிட்டால் அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் ஓரடி முன்னால் போயிருப்பார், அவ்வளவுதான். முதலில் இது பெரிய விடுதலையாக இருக்கும். ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறையிலிருந்து கல்யாண மொய் வரைக்கும் ஏதாவது ஒன்று நம்மைப் பிடித்துக்கொண்டே இருக்கிறதே! அங்கே எதுவும் பிடிக்காது. மாதங்கள் போகப் போக, எதுவும் பிடிக்காத ஆளாகத் திரிவதில் கால் மட்டுமல்ல, வேறு எதுவோகூட ஓய்ந்துபோகிறது. கூட வந்தவர்களிடம் சொன்னேன். வைட்டமின் டி போதவில்லை என்றார்கள்.

டிசம்பரில் ஒரு திங்கள்கிழமை மாலை எங்கள் கதவுக் கைப்பிடியில் கயிறு கட்டிய சின்னப் பலகை ஒன்று தொங்கியது. இந்த வாரம் வீட்டு ஒழுங்கு உங்கள் முறை என்று அதில் எழுதியிருந்தது. டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் பழைய குடியிருப்புகளில் இது நெடுநாள் வழக்கம். பலகை எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வீட்டார் அந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும்; பனி விழுந்தால் கட்டடத்துக்கு முன்னால் உள்ள நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும். வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த கதவில் மாட்ட வேண்டும். ஃப்ளாட்டில் மற்ற இருவரும் தேர்வு, வேலை என்று ஆளுக்கொரு பக்கம். அறைக்காரியின் பங்கு எனக்குத்தான் வரும் என்று பேசிவைத்திருந்தார்கள்.

தரைத்தளத்தில் குடியிருந்த பாட்டிதான் வேலையைச் சொல்லிக் கொடுத்தார். (நேரில் மரியாதையோடு 'நீங்கள்' என்றுதான் பேசிக்கொள்வோம், பாட்டி என்பது என் மனசுக்குள்.) வார நாளில் காலை ஏழு மணிக்குள் பனியைத் தள்ளிவிட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இடிக்காமல் போகிற அகலம் வேண்டும். உப்பு போடக் கூடாது. மரத்தின் வேருக்கும் நாயின் பாதத்துக்கும் ஆகாது. நிலவறையில் பொடிக்கல் வாளி இருக்கிறது, அதைத் தூவ வேண்டும். யாராவது வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால் பொறுப்பு நமக்குத்தான் வரும். இதையெல்லாம் கட்டளையாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. ரசத்துக்கு எப்போது பெருங்காயம் போட வேண்டும் என்று சொல்கிற குரல் அது.

வியாழன் இரவு பனி விழுந்தது. ஐந்தரைக்கு எழுந்து, இருந்ததையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். நீளக் காம்பில் அகலமான தகடு பொருத்திய சாமான். அதைத் தரையோடு அழுத்தித் தள்ள வேண்டும், அள்ளக் கூடாது. அள்ளினால் இடுப்பு போய்விடும். புதுப் பனிக்கு எடையே இல்லை. காலடி பட்டு இறுகிய இடத்தில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். எதிர்வரிசையில் ஒருவர், மூலையில் ஒருவர், அதற்கப்பால் ஒருவர் என்று தெரு முழுக்கத் தகடு உரசும் சத்தம். ஊரில் எங்கள் தெருவில் விடிவதற்குமுன் பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம் நினைவுக்கு வந்தது. அங்கே அது பெண்ணாகப் பிறந்ததால் தினமும் வருகிற வேலை. இங்கே பலகை தொங்குவதால் வருகிற வேலை. இரண்டாவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அம்மாவிடம் அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆறேகாலுக்கு அந்த வழியாக முதல் ஆள் போனார், பேக்கரி வேலைக்கு. நான் தள்ளிய பாதையில் நடந்தார். நடந்துகொண்டே ஒரு காலை வணக்கம். பிறகு தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண். அவர்களுக்கு நான் எந்த நாடு, எத்தனை மாதம் இருப்பேன் என்ற கேள்வியே எழவில்லை. பாதை இருந்தது, போனார்கள்.

அந்த வாரத்துக்குப் பிறகு கட்டடத்தில் எனக்கு ஒரு இடம் வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்காரர் படியில் நின்று இரண்டு வார்த்தை பேசினார். பார்சல் கொண்டுவருகிறவர்கள், ஆள் இல்லாத வீட்டுப் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் கொடுத்தோம் என்று சீட்டு எழுதிப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சீட்டுகளில் என் பெயர் வரத் தொடங்கியது. சாயங்காலமானால் யாராவது மணி அடித்து, என் பெயரைக் கடித்து மென்று உச்சரித்து, தங்கள் பார்சலைக் கேட்பார்கள். நகராட்சிப் பதிவால் வராத குடியுரிமை இந்தப் பார்சல் சீட்டால் வந்தது. ஒரு இடம் எவ்வளவு நாளாக நம்முடையது என்பதைவிட, நம் வேலையை நாம் செய்யாமல் விட்டால் அங்கே யாருக்காவது உறைக்குமா என்பதே பெரிது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இருக்கப்போவது ஒரு வாரமோ முப்பது வருஷமோ, யாருக்கும் எதுவும் கடன்படாதவர் அந்த ஊரில் இல்லவே இல்லை.

இதை மிகவும் இனிமையாக்கிவிடவும் பயமாக இருக்கிறது. கவனிக்கப்படுவதற்கு இன்னொரு முகம் உண்டு. பாட்டி ஒருநாள் தேநீர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்தபோது ஒவ்வொரு கட்டடத்திலும் வீட்டுப் புத்தகம் என்று ஒரு நோட்டு இருந்ததாம். குடியிருப்பவர் எல்லோர் பெயரும் அதில் இருக்கும். உறவினர் வந்து மூன்று நாளுக்கு மேல் தங்கினால் அதையும் எழுத வேண்டும். நோட்டை வைத்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். போலீஸ் எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பலகையும் அதே கட்டடத்தில் அதே காலத்தில் கதவுக்குக் கதவு போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. படி துடைக்காததைக் கவனிக்கிற கண்ணுக்கும், யார் வந்து போகிறார்கள் என்று கவனிக்கிற கண்ணுக்கும் நடுவில் சுவர் ஒன்றும் கிடையாது.

நான் தினமும் டிராம் மாறிய ஆல்பர்ட் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஜோர்ஜே கொமொண்டாய் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. மொசாம்பிக் நாட்டுக்காரர். கிழக்கு ஜெர்மனி தன் தொழிற்சாலைகளுக்காக மொசாம்பிக்கிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தது. 1981இல் அவரும் அப்படி வந்தார். ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிவிட வேண்டும். அவர்களுக்குத் தனி விடுதிகள். உள்ளூர்க்காரர்களோடு கலந்து பழகுவதை அரசு விரும்பவில்லை. போகும் தேதி குறித்து வரவழைக்கப்பட்டவர்கள், ஊரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டவர்கள். நாடு 1990இல் ஒன்றானது. 1991 ஈஸ்டர் இரவில் ஓடும் டிராமில் வலதுசாரி இளைஞர்கள் கொமொண்டாயைத் தாக்கினார்கள். டிராமிலிருந்து விழுந்தவர் சில நாட்களில் இறந்துபோனார். வயது 28. அந்த இளைஞர்களின் வெறுப்புக்கு அந்த விடுதி ஏற்பாட்டைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் அவர் அந்த நகரத்தில் பத்து வருஷம் இருந்தார், அந்தப் பத்து வருஷத்தில் எந்தக் கதவிலாவது அவருக்கு ஒரு பலகை தொங்கியிருக்குமா என்று அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

ஜனவரியில் பஸ் பயணங்களை விட்டுவிட்டு, மாணவர் சீட்டிலேயே போகக்கூடிய உள்ளூர் ரயில்களில் திரிந்தேன். ஃப்ரைபெர்க் போனேன், 1168இல் வெள்ளி கண்டெடுத்த ஊர். அந்த மலைப்பகுதி முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் வளைவான மரச் சட்டத்தில் விளக்கு வைக்கிறார்கள். விடியுமுன் சுரங்கத்துக்குள் இறங்கி, இருட்டியபின் மேலே வந்த மனிதர்களின் ஊர்கள். குளிர்காலம் முழுக்க வெளிச்சத்தையே பார்க்காதவர்களுக்காக வைத்த விளக்கு என்று சொல்கிறார்கள். வேடிக்கை பார்க்கப் போனவளுக்கு அந்தக் காரணம் சொந்த விஷயம்போலப் பட்டது.

அதைவிட முக்கியமாக நான் போன ஊர் புல்ஸ்னிட்ஸ். டிரெஸ்டனிலிருந்து காமென்ஸ் போகும் சின்ன ரயிலில் முக்கால் மணிப் பயணம்கூட இல்லை. மசாலா வாசனையுள்ள தேன் கேக்குக்குப் பேர்போன ஊர்; 1558இலேயே அந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுடும் உரிமை கிடைத்திருக்கிறது. நான் போனது கேக்குக்காக இல்லை. 1682இல் பாதிரியார் சீகன்பால்க் பிறந்தது அங்கேதான். தரங்கம்பாடியில் அவர் கட்டிய தேவாலயத்துக்கு முன்னால் பள்ளிச் சுற்றுலாவில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு. அவர் புறப்பட்ட ஊரின் தெருவில், உறைந்து வழுக்கும் கல்லில், அடிமேல் அடிவைத்து நடந்தேன். இலவங்கமும் ஏலக்காயும் மணக்கிற அடுப்புகள் உள்ள ஊர்ப் பையன், அந்த மசாலா வருகிற திசையிலேயே போய் இறங்கியிருக்கிறான்.

அவருக்குத் திரும்பும் தேதி கிடையாது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையேறினார். அங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளே அவரை விரும்பவில்லை. தளபதி அவரை நான்கு மாதம் டேனிஷ் கோட்டையில் அடைத்தும் வைத்தார். கரையேறியதும் சீகன்பால்க் செய்த முதல் காரியம், உள்ளூர் வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியது. ஓலைச்சுவடிகளாகத் தேடிச் சேர்த்தார். 1714இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றத் தொடங்கினார். மதம் மாற்ற வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் தெய்வங்களைப் பற்றி அவர் தேடித் தொகுத்து எழுதிய நூலை ஹாலே நகரத்திலிருந்த அவருடைய மேலிடமே அச்சிட மறுத்துவிட்டது. 1867இல் சென்னையில்தான் அது அச்சானது. தன் பிழைப்புக்கு உள்ளூர்க்காரரின் உதவி தேவைப்பட்ட மனிதர் அவர். தேவைப்பட்டதால்தான் உட்கார்ந்து கேட்டார். 1719இல் 36 வயதில் அங்கேயே இறந்து, தான் கட்டிய கோயிலுக்குள்ளேயே புதைக்கப்பட்டார். ஊரில் யாரும் அவரை வெளியூர்க்காரர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அவ்வளவு காலமும் இல்லை, அப்படி ஒரு தீவிரமும் இல்லை. கேக் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். பாட்டிக்கு ஒன்று, மூன்றாம் மாடிக்கு ஒன்று.

அந்த ஜனவரியில்தான், இடிந்து விழுந்த கரோலா பாலத்தை அகற்றும் வேலையின்போது இரண்டாம் உலகப் போரின் 250 கிலோ பிரிட்டிஷ் குண்டு ஒன்று கிடைத்தது. சுற்றிலும் பத்தாயிரம் பேரை வெளியேற்றி, செயலிழக்க வைத்து, மறுநாளே டிராம் ஓட்டினார்கள். எங்கள் தெரு அந்த வெளியேற்ற வளையத்துக்கு வெளியே. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய விமானத் தாக்குதலில் இந்த நகரத்தில் இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்பது வரலாற்றாளர் குழுவின் கணக்கு. அந்தத் துக்கத்தைத் தங்கள் கொடியாக்கிக்கொண்டு நவநாஜிகள் ஆண்டுதோறும் ஊர்வலம் போனார்கள். அதை மறிக்க 2010இலிருந்து நகர மக்கள் அன்று மாலை கைகோத்து நிற்கிறார்கள். "ஆத்துப் பக்கம் ஆள் குறையும், வர்றியா?" என்று ஃப்ளாட்டில் இருந்த போலந்துக்காரி கூப்பிட்டாள். அது என் துக்கம் இல்லை. அந்த நகரம் எரியும்போது என் நாட்டை ஆண்டது குண்டு போட்டவர்களின் அரசு. எந்தப் பக்கம் நின்று அழுவது என்றே எனக்குத் தெளிவில்லை. ஆனால் வரிசையில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது. நின்றேன். ஒரு பக்கம் அவள் கை, மறுபக்கம் கம்பளிக் கையுறை போட்ட முன்பின் தெரியாத ஒருவர் கை. பத்து நிமிஷம்கூட இருக்காது. கையை விட்டதும் அவர் தலையசைத்துவிட்டு டிராம் நிறுத்தத்துக்குப் போனார். இரவு 9.45க்கு ஊர் முழுக்க மணி அடித்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிப்ரவரியில் விளக்குக் கம்பமெல்லாம் தேர்தல் தட்டிகள். வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட ஏ.எஃப்.டி. கட்சி பிப்ரவரி 23 அன்று சாக்சனியில் முதலிடத்தில் வந்தது. எங்கள் கட்டடத்திலும் அதற்கு ஓட்டு விழுந்திருக்கும். விழாமல் இருக்க வாய்ப்பில்லை. யார் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமும் பார்சல் வாங்க வந்து மணி அடித்தார்கள், நானும் எடுத்துக் கொடுத்தேன். இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. பலகை எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும் என்று சொல்லக்கூடிய ஆள் நான் இல்லை. என் பெயர் இருந்த சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கை, வாக்குச்சாவடியில் எங்கே குறி போட்டது என்பது அந்தக் கைக்கும் தாளுக்கும் இடையிலான விஷயம். ஆனாலும் படியில் பார்த்தால் நாங்கள் வணக்கம் சொல்லிக்கொண்டோம். வணக்கம் சொல்லாமல் போவதைவிட அது மேல் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் கிளம்புகிற வேலைகள். நகராட்சியில் முகவரியை நீக்கியாயிற்று, வங்கிக் கணக்கை மூடியாயிற்று, சுவரில் நான் அடித்த ஆணியின் ஓட்டையை வெள்ளைப் பசை வைத்து அடைத்தாயிற்று. கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாம் மாடிக்காரர் இந்தியாவில் இப்போது வெயிலா என்று கேட்டார். பாட்டி கதவைத் திறந்தவர், உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்கு முன்னால் நின்றார். ஏப்ரல் இரண்டாவது வாரம் பலகை எங்கள் வீட்டுக்கு வருகிறது; ஸ்பெயினுக்குப் போன பெண் அதற்குள் வந்துவிடுவாளா, இல்லை அடுத்த வீட்டை முன்னால் தள்ளிப் போடவா என்று கேட்டார். ஐந்தாம் தேதி வந்துவிடுவாள் என்றேன். பென்சிலால் குறித்துக்கொண்டார்.